கரி பிடிக்காத கேத்தில்

ஓய்வு பெற்ற பிறகு ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். நினைத்தபடி இருந்திருக்கலாம். பிள்ளைகள் வாட்டுக்குப் புதிதாக மின்சார நீராவி இயந்திரம் வந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கோ மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள். போனேன். இயந்திரம் ஒரு மூலையில் மேசை மேல் பூவேலை செய்த வெள்ளை உறையைப் போர்த்துக்கொண்டு நின்றது. வீடுகளில் றேடியோவுக்குப் போடுகிறோமே, அதே மாதிரி உறை. நாலு மூலையிலும் ரோசாப்பூ வேறு.

"ஆர் இதைத் தைச்சது?" என்று கேட்டேன்.

"நான்தான் மிஸ்ஸி. தூசி படக்கூடாதெண்டு தைச்சனான்" என்றாள் ஒரு சின்ன நேர்ஸ். முகம் முழுக்கப் பெருமை.

"வந்த நாளிலயிருந்து எந்தப் பிள்ளைக்கு இதை ஓட்டினனீங்கள்?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "இன்னும் ஒருத்தருக்கும் போடேல்லை மிஸ்ஸி. பெரிய வருத்தம் ஏதும் வந்தால் எடுப்பம் எண்டு…"

உறையை இழுத்து அவள் கையில் திணித்தேன். அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக ஞாபகமில்லை. நல்லதாக ஒன்றும் பேசியிருக்க மாட்டேன். அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்று பின்னால் கதைத்திருப்பார்கள். கதைக்கட்டும். அன்றைக்கு அவளுக்குச் சொல்ல வாய் வராத விஷயத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் நேர்ஸ் வேலை படித்தது கொழும்பில். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல, ஏச்சு வாங்கியதையும் கால் வீங்கியதையும் தவிர ஒன்றுமில்லை. பிறகு வவுனியா, பிறகு கிளிநொச்சி, கடைசியில் இந்தக் கடற்கரை ஆஸ்பத்திரி. இங்கே வந்துதான் கச்சான் காற்று என்றால் என்னவென்று கண்டேன். வைகாசியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் மேற்கேயிருந்து காடு, வயல், மணல் எல்லாவற்றையும் சுட்டுக்கொண்டு வந்து அடிக்கும். உடுப்புக் கொடியில் போட்டுத் திரும்புமுன் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். சுகமாக இருக்கிறவனுக்கு இது ஒரு தொந்தரவு மட்டும்தான். மூச்சுப்பாதையில் வருத்தம் உள்ள குழந்தைக்கு அப்படியில்லை. சளி உள்ளே காய்ந்து பொருக்காகி ஒட்டிக்கொள்ளும். இழுத்து இழுத்துப் பார்த்துக் குழந்தை நீலம் பாரிக்கும்.

அதற்குத்தான் எங்கள் பெரிய டொக்டர் மேலிடத்துக்கு எழுதி எழுதி நீராவிக் கேத்தில் எடுப்பித்தார். செம்புக் கேத்தில். கை நீளத்துக்கு ஒரு மூக்கு. அடியில் மண்ணெண்ணெய் அடுப்பை எரியவிட்டால் மூக்கால் ஆவி வந்து கட்டிலைச் சுற்றி நிற்கும். வாட்டில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் கச்சான் முடியும்வரை வாட்டில் வைத்திருக்க இடமேது? வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் என்ன என்று டொக்டர் யோசித்தார். பார்த்துச் சொல்லும் வேலையை என்னிடம் தந்தார்.

"கேத்தில் நல்லதோ கூடாதோ எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரியும். எங்கட சனத்தின்ர வீட்டில, ஒவ்வொரு நாளும், அது நிண்டு பிடிக்குமோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நல்ல மனிதர். வாட்டுக்குள் அவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. சத்தம் போட்டு ஏசியும் கேட்டதில்லை. ஏசுவதற்கு அவருக்கு வாய் தேவையில்லை, விரல் போதும். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதன் அடிப்பக்கத்தில் சுட்டுவிரலை ஒருதரம் ஓட்டுவார். மருந்துத் தட்டு, சாப்பாட்டுக் கோப்பை, மலச்சட்டி, ஒன்றும் தப்பாது. பிறகு விரலை நிமிர்த்தி எங்களுக்குக் காட்டுவார். அதில் அழுக்கு இருந்தால் அவ்வளவுதான், அன்றைக்கு எங்களுக்குச் சோறு இறங்காது. கட்டிலோடு கிடக்கிற பிள்ளைகளின் தாய்மார்கூட அந்த விரலைக் கண்டால் எழும்பி நிற்பார்கள்.

வீட்டில் கேத்திலைச் சோதிக்கிற முறையையும் அவர்தான் வகுத்தார். கிணற்றுத் தண்ணீரை முதல்நாளே தெளியவிட்டு, துணியில் வடித்து, கோடு வரைக்கும் ஊற்றவேண்டும். கடற்கரைக் கிணறுகள் உவர். வடிக்காமல் ஊற்றினால் மூக்குக்குள் வெள்ளையாகக் காறை பிடித்து அடைத்துவிடும். அடுப்பை மணல் போட்ட தகரத் தட்டில் வைக்கவேண்டும், பிள்ளை தட்டினாலும் கவிழாமல். மேற்குப் பக்கத்து யன்னலை ஈரச் சாக்கால் மூடவேண்டும். கிழக்குப் பக்கத்தைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புகை பிள்ளையைக் கொன்றுவிடும். இவ்வளவும் செய்தபின் காற்றில் போதிய ஈரம் நிற்கிறதா என்று அறிய எங்களிடம் கருவி இருக்கவில்லை. இருந்த ஒன்றும் உடைந்து கிடந்தது. டொக்டர் கண்டுபிடித்த கருவி, பொரித்த அப்பளம். சிரிக்காதீர்கள். கட்டில் சட்டத்தில் நூல் கட்டி ஒரு அப்பளத்தைத் தொங்கவிடுவோம். ஒரு பானை சோறு வேகிற நேரத்துக்குப் பிறகும் நொறுங்கினால் காற்றுக் காய்ந்து கிடக்கிறது. துணி மாதிரித் துவண்டால் சரி. வாட்டில் கூட்டித் துடைக்கிறவர்கள் என்னைக் கண்டால், "என்ன மிஸ்ஸி, அப்பளம் பாஸோ?" என்று பகிடி பண்ணுவார்கள். பாஸான அப்பளத்தை அவர்களே தின்றும் விடுவார்கள்.

முதல் கேத்தில் குளத்துக் கொலனியில் ஒரு வீட்டுக்குப் போனது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்கிற குடும்பம். பொடியனுக்கு நெஞ்சுச் சளி. தாய் செல்லம், வாயாடி. நான் சொன்னதற்கெல்லாம் "ஓம் மிஸ்ஸி, ஓம் மிஸ்ஸி" என்றவள், கச்சான் முடிந்து கேத்திலைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அதைப் பார்த்து நான் தலையில் கை வைத்தேன். அடி முழுக்க ஒரு விரல் கனத்துக்குக் கரி. ஒரு பக்கம் நெளிவு. மூக்கு வளைந்திருந்தது. உள்ளே தேயிலைத் தூள்.

"இதில தேத்தண்ணி வைச்சனியோ?"

"பின்னை? நாள் முழுக்கக் கொதிச்சுக்கொண்டு கிடக்கிற தண்ணி, சும்மா ஆவியாப் போறதே? வயலுக்கு வாற ஆக்களுக்கும் குடுத்தனான். பொடியனைப் பாருங்கோ மிஸ்ஸி, எருமைக்கண்டு மாதிரி நிக்கிறான்!"

உண்மையாகவே அவன் அப்படித்தான் நின்றான். ஆனால் டொக்டர் பொடியனைப் பார்க்கவில்லை, கேத்திலைத்தான் பார்த்தார். விரலை அடியில் ஓட்டினார். விரல் மட்டுமில்லை, கையே கறுத்துப் போனது. அவர் முகம் அன்றைக்குப் போன போக்கை நான் அதற்கு முன் கண்டதில்லை. எவ்வளவு கெஞ்சி வாங்கின சாமான் என்று அவருக்குத்தானே தெரியும். நானும் செல்லத்தை நன்றாக ஏசினேன். அந்தக் கேத்தில் கரி பிடித்ததால்தான் அந்தப் பொடியன் நிமிர்ந்தான் என்று எங்கள் ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. இன்றைக்கு அவளைக் கண்டால் அந்தக் கரிக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

இரண்டாவது கேத்தில் பிலோமினாவுக்குப் போனது.

கொக்கிளாய்ப் பக்கத்துப் பிள்ளை. தகப்பன் சூசை கடற்தொழில், தாய் திரேசம்மா களப்பின் ஆழமில்லாத தண்ணீரில் இறால் பொறுக்கப் போவாள். பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் வந்து, யாழ்ப்பாணத்துக்கு ஓடி, தொண்டையில் துளை போட்டு வெள்ளிக் குழாய் வைத்து உயிரைப் பிடித்தார்கள். வருத்தம் மாறியது, ஆனால் குழாயை எடுக்க முடியவில்லை. அடைத்துப் பார்த்தால் பிள்ளை நீலமாகிவிடும். வளர்ந்தபிறகு பார்ப்போம் என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வாட்டில் அந்தக் கட்டிலில் கிடந்தாள். சத்தம் வராது. ஏதும் வேண்டுமென்றால் கட்டில் கம்பியில் கரண்டியால் தட்டுவாள். என்னைக் கண்டால் இரண்டு தட்டு, டொக்டரைக் கண்டால் ஒரே தட்டு. அவரைக் கண்டால் அவளுக்கும் பயம்.

தாய் அந்தக் கட்டிலின் கீழே பாய் போட்டுக் கிடந்தாள். குழாய்க்குள்ளே இன்னொரு உள்குழாய் உண்டு. அதைக் கழற்றி, சோடா போட்ட தண்ணீரில் அவித்து, கோழி இறகால் உள்ளே துடைத்து, திரும்பப் போடவேண்டும். தாயும் தகப்பனும் அதை எங்களைவிட மெதுவாகச் செய்யப் பழகினார்கள். வலை பின்னுகிற கை சூசைக்கு.

வாட்டில் வைத்திருக்கலாமே என்றால், அந்த வருடம் கக்குவான் இருமல் வந்தது. பிலோமினாவுக்குப் பக்கத்துக் கட்டில் பிள்ளை செத்துப் போனது. அடுத்த கட்டிலும் இருமத் தொடங்கியது. தொண்டையில் குழாய் உள்ள பிள்ளைக்கு அது வந்தால் கதை முடிந்தது. ஆனால் வெளியே கச்சான் தொடங்கிவிட்டது. நீராவி இல்லாமல் வீட்டுக்கு விட்டால் குழாய்க்குள் பொருக்குக் கட்டி அடைத்துவிடும். வீட்டில் கேத்தில் நிண்டு பிடித்தால்தான் அந்தப் பிள்ளைக்கு உயிர். அப்படித்தான் இருந்தது நிலைமை.

நான் கேத்திலோடு போனேன். ஓலை வீடு, ஆனால் ஒரு அறை மண்சுவர் வைத்தது. சூசை தன் வள்ளத்தின் பழைய பாயைக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேல் கூடாரமாகக் கட்டினார். ஆவி உள்ளே அப்படியே நின்றது. நான் கட்டின அப்பளம் சோறு வேகுமுன்பே துவண்டு தொங்கியது. அப்படியொரு அறையை நான் வாட்டிலும் கண்டதில்லை. டொக்டரிடம் வந்து, நிண்டு பிடிக்கும் என்று சொன்னேன். வாட்டில் நின்ற எல்லாரும் கூடிப் பிள்ளையை வழியனுப்பினோம். கரண்டியையும் அவளுக்கே கொடுத்துவிட்டோம்.

டொக்டர் கேத்திலைத் தன் கையாலேயே திரேசம்மாவிடம் கொடுத்தார். புதுச் செம்பு, பளபளவென்று மின்னியது. கொடுக்கிறபோது சொன்னார், "கவனம். இது அரசாங்கச் சாமான்." கொலனிக் கேத்தில் அவர் மனதில் இருந்தது. வேறொன்றும் நினைத்து அவர் சொல்லவில்லை. திரேசம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள், கோயிலில் வாங்குகிற மாதிரி.

பிறகு நான் இடைக்கிடை போய்ப் பார்த்தேன். பஸ்ஸால் இறங்கி மணலில் கொஞ்சத் தூரம் நடக்கவேண்டும். போகும்போதெல்லாம் கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். ஆவி பாயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிள்ளை கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டும். செம்பில் என் முகம் தெரியும். திருப்தியோடு திரும்பி வருவேன்.

ஒருநாள் பஸ் வரவில்லை. மீன் லொறி ஒன்றில் ஏறி மற்றப் பக்கத்தால் போய் இறங்கினேன். என்னை ஒருத்தரும் காணவில்லை. வீட்டுக்குள் போனால் அடுப்பு அணைந்து கிடக்கிறது. கட்டிலில் பிள்ளை. கழுத்தில் ஒரு ஈரத்துணி. மூச்சு ஒவ்வொன்றும் விசில் மாதிரிக் கேட்கிறது. கேத்தில் எங்கே என்று பார்த்தால், கண்ணாடி அலுமாரிக்குள், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றி வைத்திருக்கிறது. பூட்டியும் இருந்தது.

திரேசம்மா மடியில் முடிந்திருந்த அலுமாரித் திறப்பை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ மிஸ்ஸி, பஸ் சத்தம் கேக்கேல்லையே! இருங்கோ, இப்ப வைச்சுத்தாறன்."

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தேத்தண்ணி வைக்கிற மாதிரி அவள் எனக்காகக் கேத்தில் வைத்திருக்கிறாள். இவ்வளவு நாளும் நான் கண்ட ஆவியெல்லாம் எனக்காகத்தான்.

"பிள்ளைக்கு எப்ப வைக்கிறனி?"

"கஷ்டப்பட்டால் வைக்கிறனான் மிஸ்ஸி. அல்லது துணியை நனைச்சுப் போடுறம். ஒவ்வொரு நாளும் வைச்சால் சாமான் பழுதாகிப் போகாதோ?"

நான் கத்தினேன். ஊரே கூடுகிற மாதிரிக் கத்தினேன். சூசை வாசலில் வந்து நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "கோவிக்காதேங்கோ மிஸ்ஸி. வெள்ளம் வந்த வருசம் அரசாங்கம் எங்களுக்கு லாம்பு தந்தது. சிமினி வெடிச்சதுக்கு என்னைக் கூப்பிட்டு, ஊர் பாக்க நிக்கவைச்சுக் கேட்டவங்கள். எங்களுக்கு வேண்டாம் மிஸ்ஸி அந்த மானக்கேடு."

திரேசம்மா அதற்கு மேல் ஒன்று சொன்னாள். "டொக்டர் ஐயா விரல் வைச்சுப் பாப்பாரெல்லே."

ஒரு வருடம் கட்டிலின் கீழே கிடந்து அவள் கற்றது அதுதான். அந்த விரலைப் பார்த்தாள், நாங்கள் நடுங்குவதைப் பார்த்தாள். சாமானின் அடி கறுத்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி அவளுக்குப் படிப்பித்தது.

நான் கேத்திலை வாங்கி அடுப்பில் வைத்தேன். பிறகு குசினிக்குப் போய்ச் சட்டிக் கரியை விரலால் வழித்து வந்து, கேத்தில் பக்கமெல்லாம் பூசினேன். "இந்தா, நானே பழுதாக்கிப் போட்டன். ஆரும் கேட்டால் மிஸ்ஸிதான் செய்ததெண்டு சொல்லு. இனி இது இறங்கக்கூடாது. விளங்குதோ தங்கச்சி?"

"ஓம் மிஸ்ஸி" என்றாள். நான் கட்டின அப்பளமும் துவண்டது, பிள்ளையின் விசிலும் அடங்கியது. நான் புறப்படுமுன் பிலோமினா இரண்டு தரம் கரண்டி தட்டினாள்.

அடுத்த கிழமை போனேன். அன்றைக்கு பஸ்ஸில்தான் போனேன், வேறு வழியில்லை. கேத்தில் கொதித்தது. புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி, புதிதாக வாங்கினபோது இருந்ததைவிடப் பளபளத்தது. நான் பூசின கரியைக் கண்டு அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றிருக்கிறது. மிஸ்ஸியின் கையால் கரி பூசவேண்டி வந்துவிட்டதே என்று.

ஏசாமல் அப்படியே திரும்பி வந்து டொக்டர் முன்னால் நின்றேன்.

"ஐயா, கேத்தில் அவையளுக்கே எண்டு சொல்லிப்போடுங்கோ. திருப்பித் தரத் தேவையில்லையெண்டு சொன்னால்தான் அடுப்பில வைப்பினம்."

"அரசாங்கச் சாமானை நான் எப்பிடிக் குடுக்கிறது, மிஸ்ஸி?"

"அப்ப பிள்ளையைத் திருப்பி வாட்டுக்குக் கூப்பிடுங்கோ."

அவர் யன்னலால் வாட்டைப் பார்த்தார். கக்குவான் கட்டில்கள் இன்னும் இருமிக்கொண்டிருந்தன. விரல் விஷயத்தையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அவர் தன் கையை ஒருதரம் பார்த்தார், பிறகு அதை வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"நானே போறன்" என்றார். "அவையளுக்கு முன்னால நானே அடுப்பில வைச்சு, நானே கரி பிடிக்க விடுறன். வாற சனிக்கிழமை போவம், நீங்களும் வாங்கோ."

அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு காலை, டொக்டர் வாட்டைச் சுற்றி வருகிற நேரம், வாசலில் சூசை வந்து நின்றார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் வள்ளப் பாயில் சுற்றின ஒரு பொதி. பொதியின் உருவத்தைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கையில் இருந்த தட்டை எங்கேயோ வைத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, நேராக டொக்டரிடம் போனார். "குழாய் அடைச்சுப்போட்டுது ஐயா. இறகு இறங்கேல்லை. மனிசி களப்பில நிண்டவள், அலுமாரித் திறப்பு அவளின்ர மடியில. நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வாறதுக்கிடையில…" அதோடு நிறுத்திவிட்டார். பிறகு பாயை அவிழ்த்துக் கேத்திலை எடுத்து நீட்டினார்.

"ஒரு கீறல் இல்லை ஐயா. பிள்ளையை அடக்கம் பண்ணிப்போட்டு வந்து மனிசி திரும்பவும் மினுக்கினவள். வடிவாப் பாத்து எடுங்கோ."

டொக்டர் அதை வாங்கினார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அதை நான் எங்கேயும் சத்தியம் செய்து சொல்வேன். எத்தனையோ வருடத்துப் பழக்கம். கேத்தில் கைக்கு வந்ததும் அவருடைய சுட்டுவிரல் தானாகவே அதன் அடியில் ஓடியது. ஓடி முடிந்தபிறகுதான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்தது. விரல் நிமிர்ந்தபடி நின்றது. வெள்ளையாக, ஒரு பொட்டுக் கரியும் இல்லாமல்.

சூசை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அது சுத்தமாக இருந்ததைக் கண்டதும் அவருக்கு ஒரு ஆறுதல் மூச்சு வந்தது.